நாலரை அங்குலச் சுவர்

ஏற்காட்டில் ஏதோ ஓட்டலைப் புதுப்பிக்கிறார்கள் என்று
பாதி விலைக்கு வந்த சரக்கு.
இருபது கொண்டை ஊசி இறங்கிய குட்டியானை
தாதகாப்பட்டியில் சந்து முனையோடு நின்றுவிட்டது.
அதற்குமேல் எங்கள் தோள்.

ஷவர் ட்ரே.
கல்தூளும் பிசினும் கலந்து வார்த்தது.
மூன்றடி நீளம், அறுபத்திரண்டு கிலோ.
ஜாவித் ஒருமுறை அசைத்துப் பார்த்துவிட்டு
"ஆட்டுக்கல்லையாவது உருட்டலாம்ணே,
இதுக்குப் பிடியே இல்லையே" என்றான்.

பச்சியண்ணன் வீட்டுக் குளியலறை
முன்பு நல்ல அகலம் என்கிறார்கள்.
பாகம் பிரித்த அன்று
அதன் நடுவிலும் ஒரு சுவர் எழுந்தது,
நாலரை அங்குலம்.
இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி சீரங்கன்.
குளிக்கிற தண்ணீருக்குப் பத்திரம் வாசிக்கத் தெரியாது.
அண்ணன் குளித்தால்
தம்பி சுவரில் ஓதம்.
சுண்ணாம்பு உரிந்து, பூஞ்சை கறுத்து,
போன ஆடியோடு
பேச்சும் உரிந்து விழுந்தது.

கதவைக் கழற்றிச் சாத்தினோம்.
தரையைக் கொத்தினோம்.
கழிவுக்குழாயின் வாயைப் பழந்துணியால் அடைத்தோம்.
ஒருக்களித்து உள்ளே விட்டபோது
சமர்த்தாக நின்றது.
படுக்க வைக்கத்தான் வம்பு.

சுவருக்குச் சுவர் மூன்றடி கால் அங்குலம்.
டேப்பில் எல்லாம் சரி.
ஆனால் படுக்கப் போகிற எதுவும்
போகிற வழியில் கொஞ்சம் நீண்டுகொள்கிறது,
மூலைக்கு மூலை.
பாதிச் சாய்வில் சிக்கிக்கொண்டது.
உள்கோடியில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் நான்,
வாசலில் ஜாவித்,
நடுவில் அறுபத்திரண்டு கிலோ.
வெளியே வர எனக்கு வழியில்லை.
பச்சியண்ணன் மனைவி கொடுத்த டீ
ட்ரேயின் தலைக்கு மேலாக வந்தது.

"ஓரத்தை அறுத்துரலாமா?" என்றார் பச்சியண்ணன்.
அறுத்தால் விளிம்பு போகும்.
விளிம்பு போனால் மறுபடி ஓதம்.
சுவரில்தான் காடி எடுக்க வேண்டும்,
ஓர் அங்குல ஆழம், அவ்வளவுதான்.

மூன்றாவது அடிக்கு
ஒரு செங்கல் முழுசாக
அந்தப் பக்கம் போய் விழுந்தது.
பிளாஸ்டிக் வாளி உடைகிற சத்தம்.
ஓட்டைக்குள் பார்த்தேன்:
மஞ்சள் பல்பு, தேய்ந்த லைஃப்பாய் துண்டு,
பிறகு ஒரு கண்.

"யாருய்யா அது?"

சொன்னேன்.
வசவுக்குத் தயாராக உளியை மடியில் வைத்துக்கொண்டேன்.
கண் சற்று நேரம்
ட்ரேயின் அடிவயிற்றையே பார்த்தது.
"உன் கைக்கு இடது பக்கம் போகாதே.
அப்பா போட்ட இரும்புக் குழாய் ஓடுது.
வலது பக்கமா வெட்டு."
கொஞ்சம் கழித்து,
"அவருக்குத் தெரியாது.
குழாய் பதிச்ச அன்னைக்கு ஆத்தூர் போயிருந்தார்."

எனக்குக் கேட்டதென்று தெரிந்தும்
பச்சியண்ணன் வாசலிலிருந்து சொன்னார்:
"வலது பக்கமாம்."

வலது பக்கம் வெட்டினேன்.
கலவை பரப்பி, அடியில் இரண்டு கயிறு கொடுத்து,
ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை என்று
மூச்சைப் பிடித்து இறக்கினோம்.
விளிம்பு காடிக்குள் கரகரவென்று நுழைந்தது.
என் சுண்டுவிரல் நகத்தையும் கேட்டது,
கொடுத்துவிட்டேன்.
ரசமட்டம் வைத்தால்
குமிழி ஓரத்தில் முறைத்துக்கொண்டிருந்தது.
ஜாவித் மூலையில் கையூன்றி அழுத்தினான்.
வேண்டா வெறுப்பாக நகர்ந்து
நடுவுக்கு வந்து சேர்ந்தது.

துணியை உருவிவிட்டுத்
தொட்டியிலிருந்து ஒரு வாளி ஊற்றினேன்.
சுற்றிச் சுற்றித் தேடி
ஓட்டையைக் கண்டுபிடித்து இறங்கியது தண்ணீர்.
அந்தப் பக்கம் குரல்:
"இங்க குபுகுபுன்னு வருது."
வெளியே குழி ஒன்றுதான் இருவருக்கும்.

"நின்னுச்சா?"
கேட்டது பச்சியண்ணன். என்னையல்ல.

"நின்னுருச்சு."

கலவை ஒரு கரண்டி மீந்திருந்தது.
சுவரை அடைக்கட்டுமா என்றேன்.
இரண்டு பக்கமும் பதில் இல்லை.
பிறகு அந்தத் துளைக்குள் ஒரு கை நீண்டது.
கையில் செங்கல்.
கழுவியிருந்தார், ஈரம் சொட்டியது.

புதுத் தரையை மிதிக்காமல்
வாசலிலிருந்து எக்கி
பச்சியண்ணன்தான் வாங்கினார்.