ஒன்பது மீட்டர் தெளிவு

சாய டப்பாவின் மூடி ஒன்று.
நாலாய்ப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் நானே தீட்டினேன்.
தூரிகையின் முடியொன்று
வெள்ளையில் ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கிறது.
நடுவில் துளை, துளையில் கயிறு,
மீட்டருக்கு ஒரு முடிச்சு,
அடியில் தூண்டில் ஈயம் மூன்று.

வியாழன்தோறும் காலை ஏழே கால்.
முதல் படகு போனபின்
சீட்டுக் கிழிக்கும் கைக்கு நாற்பது நிமிடம் ஓய்வு.
சிலோயே தீவின் தென்கோடித் துறை இது.
இங்கே மழை பெய்வது செய்தியல்ல,
நின்றால் செய்தி.

மூடியை இறக்குவேன்.
வெள்ளை பச்சையாகும்
பச்சை சந்தேகமாகும்
இருக்கிறதா, இல்லையா,
இல்லை என்ற இடத்தில் முடிச்சை எண்ணுவேன்.
மேலே இழுக்கும்போது
மறுபடி தெரியும் இடத்தையும் எண்ணி
இரண்டையும் கூட்டிப் பாதியாக்கு
என்று சொல்லித் தந்தவள் இல்சே ஒயார்சோ.
மருத்துவ நிலையத்தில் ரத்தம் பார்ப்பவள்.
நுண்ணோக்கி அவளுடையது, வில்லையில் விரிசல்.
விரிசலுக்கு இடப்பக்கம் மட்டும் எண்ணுவோம்.
வலை,
தேர்தல் சட்டைகளில் முகம் அச்சடித்த கடையில்
மிஞ்சிய திரைத்துணி.

மூன்று ஆண்டில் நூற்று நாற்பத்தொரு வியாழன்.
காலியான கட்டங்கள் பதினைந்து.
பன்னிரண்டில் "புயல்".
ஒன்றில் "சவ அடக்கம்".
இரண்டில் "போகவில்லை".
ஏன் போகவில்லை என்று இல்சே கேட்டதில்லை.
போனதாக எழுதிவிடாதே என்றாள்,
அவ்வளவுதான்.

அந்த மார்ச் மாத வியாழன்
மூடி போய்க்கொண்டே இருந்தது.
ஆறு. ஏழு. எட்டு.
ஒன்பதாவது முடிச்சு கையை விட்டு இறங்கியும்
கீழே ஒரு வெள்ளை நகம் மினுங்கியது.
இத்தனை தெளிவை நான் எழுதியதே இல்லை.
எண்ணுக்கு அடியில் கோடு கிழித்தேன்
சந்தோஷத்தில், இரண்டு தரம்.

மாலை இல்சே கூப்பிட்டாள்.
விரிசலுக்கு இடப்பக்கம்
மணி மணியாய்க் கோத்த சங்கிலிகள்.
நாலு கண்ணி, எட்டுக் கண்ணி,
ஒன்று மெல்லத் திரும்பியது
யாரோ கழுத்தில் போட்டுப் பார்ப்பதுபோல்.
சிவப்பு அலை என்று பெயர் வைத்தவர்
எந்தக் கடலைப் பார்த்தாரோ.
எங்கள் தண்ணீர் அன்று
கழுவி வைத்த கண்ணாடி.

ஞாயிறு என் அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம்.
எலியுதேரியோ தோட்டத்தில் குழி வெட்டியிருந்தான்.
கற்கள் பழுத்துக்கொண்டிருந்தன.
தானே மூழ்கி எடுத்த சிப்பி, இரண்டு மூட்டை.
எழுபது பேர்.
எலுமிச்சை பிழிந்தால் சரியாகும் என்றார் ஒருவர்.
பூண்டு போதும் என்றார் இன்னொருவர்.
வேகவைத்தாலும் சாகாதது அது என்றேன்.
அரசாங்கம் சொல்லிற்றா என்று கேட்டான் அண்ணன்.
இல்லை. நான் சொல்கிறேன்.
நீ யார்?

சீட்டுக் கிழிப்பவள்.

அவன் மூட்டைகளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இரண்டையும் பன்றிக்குக்கூடக் கிடைக்காத ஆழத்தில் புதைத்தான்.
குழியில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வெந்தன.
நல்ல விருந்து என்று யாரும் சொல்லவில்லை.
யாருடைய உதடும் மரத்துப்போகவில்லை.
யாருக்கும் மூச்சு முட்டவில்லை.
வராத மரணத்துக்குச் சாட்சி ஏது?

மாதிரிச் சிப்பிகளை நகரத்துக்கு அனுப்பினோம்.
படகு தாமதம், பேருந்து பழுது, பனிக்கட்டி உருகிற்று.
பன்னிரண்டு நாள் கழித்துத் தாள் வந்தது:
பரிசோதிக்கத் தகுதியற்ற நிலை.
முத்திரை மட்டும் மிக அழகாய் விழுந்திருந்தது.

ஆக, தெரியாது.
இரவில் சில சமயம்
அந்தச் சங்கிலிகளைத் திரும்ப எண்ணுகிறேன்.
இடப்பக்கம் பதினேழு.
வலப்பக்கம் எத்தனை இருந்தனவோ.

இன்று வியாழன், மெல்லிய தூறல்.
அண்ணனின் படகு துறையைத் தாண்டிப் போனது.
கையசைக்கவில்லை.
ஆனால் என் கயிற்றருகே வந்ததும்
இயந்திரத்தைத் தணித்தான்
மூடி அலைபடாதிருக்க.

ஆழம் ஐந்தரை. சங்கிலி இல்லை.
மற்றதற்கு இந்தத் தாளில்
கட்டம் கிடையாது.