தண்ணீர் கொதிக்கும் வரை

கரண்ட் அடுப்பு ஒன்று விற்பனைக்கு.
வாங்கிப் பதினான்கு மாதம். பில் இருக்கிறது.
இடது மூலையில் கீறல், படத்தில் தெரியும்.
விலை ஆயிரத்து இருநூறு. பேரம் உண்டு.
விற்பவர்: பூங்காவனம். இடம்: வேலூர்.

தெருப் பேரைப் போடவில்லை.
வாசல் எண் விழுந்திருந்த படத்தை அழித்துவிட்டு
வெறும் சுவரோரம் வைத்து மறுபடி எடுத்தேன்.

ஆறாவது நிமிடம் ஓர் அதிகாரி கூப்பிட்டார்.
ராணுவமாம். எல்லைக்கு மாற்றலாம்.
பொருளைப் பார்க்கத் தேவையில்லை மேடம்,
ஆயிரத்து ஐந்நூறாகவே தருகிறேன் என்றார்.
அங்கேதான் உறுத்தியது.
முள்ளுக் கத்திரிக்காயைக்கூடக்
காம்பைத் திருப்பிப் பார்த்துக் காசெடுக்கும் ஊர் இது.

கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது.
ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்கள்,
பணம் வந்து விழும்.
சார், உண்டியலில் காசு போடுகிறவன்
சாவி கேட்பானா என்றேன்.
வைத்துவிட்டார்.
அவர் அனுப்பிய அடையாள அட்டை மட்டும்
என் போனில் தங்கிவிட்டது.
நல்ல மீசை. யாருடையதோ, பாவம்.

உண்மையைச் சொன்னால்
அந்த உண்டியல் வாக்கியம்
எனக்கு நாலாயிரத்துக்குக் கிடைத்தது.
போன வருஷம், தையல் மெஷின் விற்கும்போது.
உடனே 1930க்குப் பேசியிருக்க வேண்டும் என்பது
மறுநாள்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஹிரண்மயி கூப்பிட்டாள்.
சில்சார்க்காரி. புருஷனுக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம்,
லாட்ஜில் மூன்று மாதம்,
அவள் கை மீன் குழம்பில்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.
மூன்று பாஷையை உடைத்து உடைத்துச் சொன்னாள்:
பார்க்கணும். போட்டுப் பார்க்கணும். அப்புறம் காசு.
என்னைச் சந்தேகப்பட்டாள்.
எனக்கு நிம்மதியாக இருந்தது.

என் வீடும் வேண்டாம், அவள் அறையும் வேண்டாம்.
பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், சனாவுல்லா டீக்கடை,
பகல் பதினொன்று.
நான் கொழுந்தனைக் கூட்டிப்போனேன்.
அவள் லாட்ஜ் வாட்ச்மேனைக் கூட்டிவந்தாள்.
இரண்டு காவலும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து
பட்டர் பிஸ்கட் தின்றன.

இன்னாம்மா, என் கடைக்கே அடுப்பு தூக்கினு வந்தா
நான் இன்னா பண்றது
என்று கேட்டுக்கொண்டே சனாவுல்லா
ஃபேனைப் பிடுங்கி பிளக் கொடுத்தார்.
தன் அலுமினியப் போசியில் தண்ணீரும் வைத்தார்.

அடுப்பு கீச்சென்று கத்தி
அணைந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
வேலூர் வெயிலில், ஃபேன் நின்ற கடையில்,
எனக்கு அந்த மீசை முளைப்பது போலிருந்தது.
அலுமினியத்துக்குச் சூடேறாது, இரும்பு கலந்திருக்கணும்,
சத்தியமாக நன்றாக எரியும்...
நியாயம் பேசும்போது
திருடன் குரல்தான் வருகிறது எனக்கு.

ஹிரண்மயி பையைத் திறந்து
அடிகனத்த எவர்சில்வர் பாத்திரத்தை எடுத்தாள்.
முதலிலேயே எடுத்திருக்கலாம்.
எடுக்கவில்லை.
அதுவரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொதித்தது.
ஆயிரத்து நூறுக்கு முடிந்தது.
ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பில்லில் இருந்த எண்ணை
அடுப்பின் முதுகோடு ஒப்பிட்டுப் பார்த்தாள் அவள்.
யாருக்கும் கோபம் வரவில்லை.
சுட்ட தண்ணீரை வீணாக்காமல் தூள் போட்ட சனாவுல்லா
நாலு டீக்கும் காசு வாங்கிக்கொண்டார்.

நேற்று எதையோ தேடும்போது
அதே கீறல், இடது மூலை.
விலை ஆயிரம். தெருப் பேர் இல்லை.
விற்கும் காரணம்: ஊருக்குத் திரும்புகிறோம்.

திரும்புகிறோம்.
யார் எழுதிக் கொடுத்த தமிழோ,
போனே மொழிபெயர்த்துப் போட்டதோ.
எண்ணை அழுத்தினேன், மணி போகுமுன் நிறுத்தினேன்.
அந்த ஒரு பன்மையை மட்டும்
போட்டுப் பார்க்காமலே
வாங்கிக்கொண்டேன்.