ஏழு நாள் ஈரம்

சுத்தியலை ஓங்கும் முன்
பெயர்ந்து கிடந்த ஒரு சில்லை எடுத்து
நாக்கில் வைத்தார் கொத்தனார் கருமலையான்.
"கடல்," என்றார்.
துப்பினார்.

ஒன்பது வருடத்துக்கு முன்
மலிவென்று இறங்கிய மணல்.
ராத்திரி வந்த டிராக்டருக்கு விளக்கில்லை.
கவனித்தேன்,
யாரிடமும் சொல்லவில்லை.

வெயில் ஏற ஏற
கார் ஷெட் வெள்ளையாய்ப் பூக்கும்.
வெள்ளிக்கிழமை கூட்டி அள்ளுவேன்.
மறு வெள்ளிக்குள் திரும்பப் பூத்துவிடும்.
கார் மட்டும் வந்ததில்லை.
தம்மாமிலிருந்து மச்சான் சொல்லும் கார்
லீவுக்கு ஒரு நிறத்தில்
அங்கே நின்றுவிட்டுப் போகும்.

இரண்டு நாள் உடைத்தார்கள்.
உள்ளிருந்த கம்பி
கருவாட்டு முள்ளாய் ஒடிந்தது.
"இத எங்கக்கா கொட்டப் போறீக?
எனக்குக் குடுங்க.
மழை பேஞ்சா என் வாசல்ல முழங்கால் புதையுது,"
என்றாள் சித்தாள் இருளாயி.
லோடு ஆட்டோ வாடகை நான் கொடுத்தேன்.
பெருமைப்பட ஒன்றுமில்லை,
கொட்டுவதற்கும் அவ்வளவுதான் ஆகும்.

மதுரைப் பக்கத்து எம்-சாண்ட் வந்தது,
அதையும் நக்கிப் பார்த்துத்தான் இறக்கச் சொன்னார்.
கீழே கனத்த பாலிதீன்,
மேலே ஜல்லிக் கலவை,
வாசலைப் பார்த்து ஓர் அங்குலம் வாட்டம்.
"வீட்டுக்கு வாட்டம் நல்லதா அண்ணே?"
"தண்ணிக்கு நல்லது."

போகும்போது சொன்னார்:
ஏழு நாள் காயக்கூடாது.
கிணத்துத் தண்ணி ஆகாது,
நீங்க குடிக்கிற தண்ணிதான்.

பெரியபட்டினத்தில் அப்போது
குடம் பன்னிரண்டு ரூபாய்.
மண்ணால் வரப்பு கட்டி
பாத்தி பாத்தியாய் நல்ல தண்ணீர் தேக்கினேன்.
தெருவில் போன பெண்கள்
குடத்தை இடுப்பு மாற்றும் சாக்கில் நின்று பார்த்தார்கள்.
மைனா இரண்டு குளித்தன.
கேட்டைச் சாத்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் லாரி வரவில்லை.
உச்சிப்புளியில் அச்சு முறிந்து நிற்கிறதாம்.
பாத்தியெல்லாம் உறிஞ்சி முடித்து
தரை வெளிறத் தொடங்கியது.
வீட்டில் ஐந்து குடம்.
"வெடிச்சா என்னயக் கேக்காதீக,"
போனில் கருமலையான்.

மதினிதான் வழி கண்டாள்.
லுஹருக்குப் பாங்கு சொன்னதும்
மோடாவை ஷெட்டுக்குள் இழுத்துப் போட்டு
கோணிச் சாக்கின் மேல் கையை நீட்டி
ஒளு செய்யத் தொடங்கினாள்.
வழக்கமாய்க் கிணற்று உப்பில் கழுவும் முகம்
அன்று நல்ல தண்ணீரில்.
முழங்கையிலிருந்து வழிந்தது சாக்குக்கு,
சாக்கிலிருந்து தரைக்கு.
பிறகு நான்,
பிறகு என் மகள் ஹாஜரா,
தேவைக்கு மேல் காலைக் கழுவிக்கொண்டு.
கொப்பளித்ததை மட்டும்
கேட்டுக்கு வெளியே போய்த் துப்பினோம்.

அஸருக்கு அடுத்த வீட்டு ருக்கையா லாத்தா
தன் கெண்டியோடு வந்தாள்.
"ஒன் தரைக்கு என் தண்ணி," என்றாள்,
சிரிக்காமல்.
பின்தெரு அந்தோணியம்மாள்
அரிசி களைந்த தண்ணீரைச் சுமந்து வந்து
இது சேருமா என்று நின்றாள்.
போன் போட்டோம். சேராதாம்.
அவள் வீட்டுச் செவ்வந்திக்கே திரும்பிப் போனது.
மஃரிபு, இஷா, விடிந்தால் சுபுஹு.
அப்புறம்தான் லாரி வந்தது.

எட்டாம் நாள் சாக்கை எடுத்தால்
வெடிப்பில்லை.
மோடா இருந்த இடத்தில் மட்டும்
நிறம் குறைந்த ஒரு வட்டம்.
வீடியோவில் மச்சான் அதைத்தான் முதலில் கண்டார்.
"கார் நின்னா மறைஞ்சிரும்," என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

பங்குனியில் ஒருநாள்
யாரும் பார்க்காதபோது குனிந்து
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.
வெறும் சிமெண்ட்.

அந்த வாரம் வேறு வேலையாய்
இருளாயி வந்திருந்தாள்.
"ஒங்க பழைய தரை எங்க வாசல்ல பூத்துருச்சுக்கா."
"கூட்டித் தள்ளு," என்றேன்,
முகத்தைப் பார்க்காமல்.
"நா எதுக்குக் கூட்டணும்?
ஆடு நக்கிருது."