வழு

கட்டாரிலிருந்து வந்த பார்சலில்
பால்மா, கோடாலித் தைலம், மகனுக்குச் சப்பாத்து,
எனக்கொரு கறுப்புக் கைப்பட்டி.
"உன்ட நித்திரைய இஞ்ச இருந்து பாப்பன்" என்றார் ஜவாஹிர்.
பாருங்க என்றேன்.
கலியாணம் முடித்துப் பதினொரு வருசம்,
கூட்டிப் பார்த்தால் பதினாலு மாதம் ஒரே பாயில்.

மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே,
இறுகவும் கூடாது, தொங்கவும் கூடாது,
வேலைசெய்யாத கையில்.
என்னிடம் வேலைசெய்யாத கை எது என்று
யோசித்தே முதல் இரவு போயிற்று.

நான் கணக்கு ரீச்சர்.
கருவி சொல்வதை அப்படியே நம்பினால்
பத்தாந் தரத்துக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது?
ஒரு சி.ஆர். கொப்பியில் நடுவே கோடு கிழித்தேன்.
இடப்பக்கம் நான்,
வலப்பக்கம் பட்டி.

செவ்வாய், 12.10 முதல் 1.35 வரை:
முகட்டைப் பார்த்தபடி
பேங்க் லோனின் மிச்சத்தை மனதால் வகுத்தேன்.
பட்டி: ஆழ்ந்த நித்திரை.

புதன், 3.20:
நிந்தவூர் கடற்கரை வீதி முழுக்கக் கரண்ட் போய்
ஃபேன் நின்றது.
அக்தாருக்கு மட்டையால் விசிறினேன்.
பட்டி: நடை. நானூற்றிப் பத்து அடி.

வியாழன்:
அசையாமல் கிடந்தேன்.
அழவில்லை. அழுதால் தோள் குலுங்கும், அது எழுதிவிடும்.
பட்டி: மிக நன்று, எண்பத்தெட்டுப் புள்ளி.

கிடப்பது வேறு, உறங்குவது வேறென்று அதற்குத் தெரியாது.
ஊரில் பலபேருக்கும் தெரியாதுதான்.

விடவில்லை.
அடிப்பக்க வெளிச்சத்தைத் துடைத்தேன்.
ஒரு துளை இறுக்கினேன்.
விளக்கணைத்த நேரத்தைக் கையால் பதிந்தேன்.
வழு நாற்பது நிமிடத்திலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கியது,
அதற்குக் கீழே இறங்கவேயில்லை.

விஞ்ஞானம் எடுக்கும் மஸாஹிரா ரீச்சர்
கட்டுப்பாட்டுப் பரிசோதனை ஒன்று வைக்கச் சொன்னா.
குசினி மேசையில்
ஒரு கதலிப் பழத்துக்குப் பட்டியைக் கட்டிவிட்டுப் படுத்தேன்.
சுபஹுப் பாங்குக்கு எழுந்து பார்த்தால்
பழத்துக்கு இதயத்துடிப்பு அறுபத்தெட்டு.
ஏழு மணி நாற்பது நிமிடம் உறங்கியிருந்தது.
ஒரே ஒருமுறை புரண்டிருந்தது,
அது எலியாக இருக்கலாம்.

சிரித்துக்கொண்டே போனை எடுத்தேன்.
அதற்குள் அவருடைய குரல் வந்து கிடந்தது:
"சுலைஹா, நேத்து நல்லா நித்திர கொண்டிரிக்காய்.
அல்ஹம்துலில்லாஹ்.
இப்பதான் எனக்கு மனம் ஆறிச்சு."

எத்தனை கொப்பி திருத்திய கை!
அந்தக் குரலில் மட்டும்
சிவப்புப் பேனையை வைக்க முடியவில்லை.

அடுத்த நாளும் பழமே உறங்கியது.
கறுத்தால் வேறொரு பழம்.
ஒரு சீப்பு முடிந்தது.

லீவு விட்டதும்தான்
அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தேன்.
அதுவரை தோன்றவேயில்லை, அவரும் ஒரு பட்டி கட்டியிருக்கிறார்.
முப்பது இரவு.
இடை: ஏழு மணி முப்பத்தெட்டு நிமிடம்.
நியம விலகல்: நான்கு நிமிடம்.
இரண்டுதரம் கூட்டினேன்.
லொறி ஓட்டுகிறவர், ஓர் அறையில் எட்டுப் பேர்,
மூன்று மாதமாய்ச் சம்பளம் பிந்துகிறதென்று
அவருடைய தம்பி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
நான்கு நிமிடம்!
எந்த மனிசரும் இப்படி உறங்குவதில்லை.

இரவு 1.05.
அங்கே பத்து முப்பத்தைந்து.
பட்டியின்படி அவர் உறங்கி அரைமணி ஆகிறது.
தட்டினேன்: "அங்க என்ன பழம்?"

இரண்டு சரியும் நீலமாயின.
எழுதுகிறார் என்று வந்தது.
நின்றது.
திரும்ப வந்தது.
மதிலுக்கு அப்பால் யாரோ மோட்டார் சைக்கிளை
உதைத்து உதைத்துப் பார்த்தார்கள், அது கிளம்பவில்லை.

"டவல்" என்றார்.
பிறகு,
"சுருட்டின டவல்."

போன் அடித்தது.
மகன் எழும்பாமல் குசினிக்குள் போய் எடுத்தேன்.
கொப்பி அங்கேதான் கிடந்தது,
பழத்துக்குப் பக்கத்தில்.
இடப்பக்கத்தில் எழுதினேன்: 1.09 முதல்.
முடிந்த நேரத்தை
இன்னும் போடவில்லை.