பிளக்கைப் பிடுங்கியவள்

பிப்ரவரி. தார்த்து நகரத்து ஆறு
மேலே உறைந்து அடியில் ஓடுகிறது.
குடை செய்துகொண்டிருந்த தொழிற்சாலையின் கீழ்த்தளத்தில்
பியர் ஊற்றுபவள் நான்.
அன்று வந்தவர்கள் பதினோரு பேர்,
அதில் ஒருவர் ரேடியேட்டருக்காக வந்தவர்.

ஹெல்வே தன் பேஸைக்
கதவு வழியே பக்கவாட்டில் நுழைத்தாள்,
மயங்கி விழுந்த ஒருவரைத்
தாங்கிக்கொண்டு வருகிறவள் போல.
தாவேத் கிட்டாரோடு முன்பே உட்கார்ந்திருந்தான்.
எழுந்து கைகொடுக்கவில்லை.
வேனின் கிளட்ச் போனதற்கு
யார் எவ்வளவு தருவது என்று
மூன்று வாரமாய்ப் பேச்சு இல்லையாம்.
குவளை துடைக்கிறவள் காதில்
எல்லாம் விழும்.

மைக் கிடையாது. எழுதிவைத்த தாள் கிடையாது.
அவன் ஒரு தந்தியை நகத்தால் சுரண்டினான்.
அவள் கேட்காதவள் போல நின்றாள்.
இன்னொரு சுரண்டல்.
பிறகு, தரையடியிலிருந்து வருகிற மாதிரி
ஒரே ஒரு தட்டு.
அது பதிலா, ‘போடா’வா
தெரியவில்லை.

அப்படித்தான் ஆரம்பித்தது.
அவன் அவசரமாய் நாலு சொன்னால்
அவள் ஒன்றை நீட்டி நிறுத்துவாள்.
அது முடிவதற்குள் குறுக்கே விழுவான்.
அவள் வில்லை எடுத்துக்
குதிரைக்குப் பக்கத்தில் உரசினாள்:
பனிச்சாலையில் சறுக்கி நின்ற லாரி.
அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது,
மறைக்க ஆறு தந்தியையும்
உள்ளங்கையால் அமுக்கினான்.
அந்த அமுக்கலும் வாசிப்பில் சேர்ந்துவிட்டது.
இதில் எதையும் திரும்பப் பெற முடியாது.

மெல்ல மெல்ல ஒல்லியாகி
நூல் அளவுக்கு வந்தபோதுதான்
என் முதுகுக்குப் பின்னால்
ஃபிரிட்ஜ் உறுமுவது எனக்குக் கேட்டது.
வெட்கமாகிவிட்டது.
விருந்தாளிகள் முன்னால்
குறட்டை விடும் புருஷன் மாதிரி அது.
குனிந்து
பிளக்கைப் பிடுங்கினேன்.

இருவரும் நின்றுவிட்டார்கள்.

இன்னொரு படி இருக்கிறது என்று வைத்த கால்
அந்தரத்தில் தொங்குமே, அப்படி.
ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்,
மூன்று வாரத்தில் முதல் தடவை.
பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
கோழியின் கழுத்தைத் திருகியவள் போல
கையில் பிளக்கோடு நான்.

ஜி-க்கு மயிரிழை மேலே ஒரு சுருதி.
அரை மணி நேரமாய் அதன் மேல்தான்
நின்று சண்டை போட்டிருக்கிறார்கள்.
அதற்காகவே ஒரு தந்தியைக்
கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தாளாம்,
தனக்கே தெரியாமல்.
(இது அவள் பிறகு சொன்னது.)

ரேடியேட்டர் மனிதர் இருமினார்.
ஹெல்வே வில்லைத் தந்தியில் வைத்து
கிட்டத்தட்ட இழுக்காமலே இழுத்தாள்.
உர்ர்ர்.
அதே இடம், அதே மயிரிழை.
தாவேத் கண்ணை மூடிக்கொண்டு
தந்திகளின் உபயோகமில்லாத முனையில்,
பிருடைக்குப் பக்கத்தில்,
கிடுகிடுவென்று விரலை ஓட்டினான்:
கதவுத் தட்டில் புட்டிகள் நடுங்குகிற சத்தம்.
என் ஃபிரிட்ஜை
புட்டி சகிதம்
இருவருமாய்த் திரும்பக் கட்டி வைத்தார்கள்.
கடைசியில் அது ஓய்வதற்கு முன் போடும்
அந்த ஒரு உதறலைக்கூட விடவில்லை,
இரண்டு பேரும் ஒரே நொடியில்.

தட்டில் அறுபத்தாறு யூரோ விழுந்திருந்தது.
தாவேத் எண்ணினான், பிரித்தான்,
கிளட்ச் பற்றி வாய் திறக்கவில்லை.
ஆனால் படியேறும்போது
பேஸின் கால்மாட்டை அவன் பிடித்திருந்தான்.
“இடது பக்கம் பனி” என்றான்.
“தெரியும்” என்றாள்.

காலையில் வந்து பார்த்தால்
நாலு லிட்டர் கிரீமும் புளித்திருந்தது.
பிளக் தரையிலேயே கிடக்கிறது.
யார் காசு தருவது என்று
முதலாளி கேட்டுக்கொண்டிருக்கிறார்.