கேரட்டைக் காணோம்

பழைய லோகோவில் ஒரு கேரட் இருந்தது,
தலையில் மூன்று தழையோடு.
மேட்டுப்பாளையம் மண்டி விலை சொல்லும் செயலிக்கு
அது போதுமென்றுதான் நினைத்திருந்தேன்.

முதலீட்டாளர்கள் வந்தார்கள்.
"காய்கறிக் கடை மாதிரி இருக்கு" என்றார்கள்.
குன்னூர் மாடியறையில் பதினோரு வாரம்
கேரட்டைச் சீவிச் சீவி
ஒற்றை வளைகோடாக்கினேன்.
ஆரஞ்சும் கூடாதாம்.
ஊதா.

வெளியான அன்று விடிகாலை நாலரைக்கு
கேத்தியிலிருந்து ஜோகி அழைத்தார்.
லாரி உறுமுவது கேட்டது.
"மேடம், போன்ல கேரட்டைக் காணோம்."
ஊதா வளைவைத் தொடச் சொன்னேன்.
"அதுவா? ஏதோ பேங்க்குன்னு பயந்து தொடல."
அதற்குள் முப்பத்திநாலு ரூபாய்ச் சரக்கை
இருபத்தெட்டுக்குப் பேசி முடித்திருந்தார்.

அடுத்த பதிப்பில் இறங்கி வந்தோம்:
உங்கள் லோகோவை நீங்களே வைத்துக்கொள்ளலாம்.
'உங்களுக்கே உங்களுக்காக' என்று விளம்பரம்,
எங்களுக்காகத்தான் என்பது
எங்களுக்குத் தெரியும்.

சர்வரில் வந்து விழுந்த படங்களை
மின்சாரம் போய் வந்த ஒரு மழை மதியம்
புரட்டிக்கொண்டிருந்தேன்.
மண் அப்பிய கேரட்.
கழுவிய கேரட்.
இரண்டு கால் முளைத்து
நடக்கப் பார்க்கும் கேரட்.
காட்டெருமை மிதித்துப்போன பாத்தி.
மாதி என்றொருவர்
கூட்டுறவு வங்கிக் கடன் சீட்டை வைத்திருக்கிறார்;
தினமும் அதைத் தொட்டுத்தான்
விலைக்குள் நுழைகிறார்.

என் ஊதா வளைவை மாற்றாதவர்கள்
மொத்தம் நாலு பேர்.
ஒன்று நான்.
மற்ற மூவருக்கும் நன்றி சொல்ல அழைத்தேன்.
இருவர் எடுக்கவில்லை.
மூன்றாமவர் சற்று யோசித்துக் கேட்டார்:
"அதை மாத்த முடியுமா?"