மடிப்பின் மேல் ஒரு பெயர்

சனிக்கிழமை இரவே சீட்டுகள் வந்துவிடும்.
மருந்துக்கடை ரசீதின் பின்புறம்,
மின்கட்டணத் தாளின் கிழிசல்,
பள்ளி நோட்டிலிருந்து கட்டம்போட்ட ஓர் ஏடு.
சிலவற்றில் நாணயம் மடித்திருக்கும்.
இடப்பக்கம் உயிரோடிருப்போர்,
வலப்பக்கம் உறங்கினோர்,
நடுவில் ஒரு கோடு.

பாதிரியார் சிமியோனுக்குக் கண்ணில் புரை.
ஆகவே ஞாயிறு விடியுமுன்
அப்பம் வெட்டுவது அவர், பெயர் வாசிப்பது நான்.
ஒரு பெயருக்கு ஒரு துணுக்கு
வெள்ளித் தட்டில் விழும்.
வெளியே சுச்சாவா ஆறு உறைந்து கிடக்கும்.
என் மூச்சு தாளுக்கு முன்னால் புகையும்.

குடும்பப் பெயர் கிடையாது, ஞானஸ்நானப் பெயர் மட்டும்.
எந்தத் தோதெர்?
முழங்கால் வீங்கியவனா, மனைவியை அடிப்பவனா?
கர்த்தருக்குத் தெரியும், நான் கேட்பதில்லை.
இரண்டு தோதெருக்கும் ஒரே அளவு அப்பம்.

காரணம் எழுதக் கூடாது என்பது வழக்கம்.
எழுதுகிறார்கள்.
வசிலிகா, இடது சிறுநீரகம்.
அங்கெலினா, கால்விரல் எடுத்தாயிற்று, இனி மேலே ஏறாதிருக்க.
மரின், குடியை விட.
அதற்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில்:
மரினின் மனைவி, பொறுமையை விடாதிருக்க.
ஜோயானா, பால் வற்றிவிட்டது.

ஜோயானா பசு.
வியாழக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர்.
எழுதியவனுக்கு வயது எட்டு.
வேகமாக வாசித்துத் தாண்டினேன்.
பாதிரியாரின் கத்தி நின்றது.
பிறகு, கண்ணுக்குத் தெரியாத அளவில்,
ஒரு பொடி வெட்டினார்.

செனோவியாவின் சீட்டு எப்போதும் அடியில் கிடக்கும்.
அவள் மகன் சோரின்
ஸ்பெயினுக்கு ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போனவன்.
பதினோரு மாதமாய்த் தொலைபேசி மணி
அடித்துக்கொண்டே இருந்து, இப்போது அதுவும் இல்லை.
அவனை அவள் இடப்பக்கம் எழுதவில்லை.
வலப்பக்கமும் எழுதவில்லை.
கோட்டின் மேலேயே எழுதியிருந்தாள்,
தாள் மடிகிற இடத்தில்.
மடித்து மடித்து நடு எழுத்து தேய்ந்திருந்தது.

எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
வாசி என்றார்.
எந்தப் பக்கம், சுவாமி?
வாசி.

வாசித்தேன். துணுக்கு விழுந்தது.
எங்கே விழுந்ததென்று நான் பார்க்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நல்லது.
உயிரோடிருப்போரின் வரிசையில், எல்லாருக்கும் முதலாக,
அழுத்தி எழுதிய ஒரு பெயர்: இலாரியோன்.
பக்கத்திலே, சரீரத்துக்குச் சுகம், ஆத்துமாவுக்கு மீட்பு.

இலாரியோன் என் தம்பி.
ஆள் சேர்த்து வேனில் ஏற்றியவன்,
தலைக்கு முந்நூறு யூரோ வாங்கியவன்,
சோரினின் பாஸ்போர்ட்டை எவனிடமோ கொடுத்துவிட்டு
ஊர் திரும்பிக் கூரைக்குத் தகரம் மாற்றியவன்.
என் சீட்டில் அவன் பெயரை நிறுத்தி
வருஷம் ஆகப்போகிறது.
அதை நீதி என்றே நினைத்திருந்தேன்.
கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

உதடு அசைந்தது, ஒலி வரவில்லை.
கேட்கவில்லை என்றார் பாதிரியார்.
புரை கண்ணில்தான், காதில் அல்ல.
இலாரியோன் என்றேன்.
இன்னும் கேட்கவில்லை என்றார்.

ஆராதனை முடிந்து சீட்டுகள் அடுப்புக்குப் போயின.
மெழுகுவர்த்திக்கு எங்களிடம் இரண்டு தகரப் பெட்டி.
மேலே இருப்பவர்களுக்கு, கீழே போனவர்களுக்கு.
இரண்டுக்கும் நடுவே செனோவியா நின்றிருந்தாள்,
ஏற்றிய திரியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு,
மெழுகு விரல்வழி வழிய வழிய.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று அருகில் போனேன்.
அவள் முந்திக்கொண்டாள்.
உன் தம்பிக்கு இருமல் எப்படி இருக்கிறது?
ராத்திரி சாலையில் கேட்டேன், நெஞ்சிலிருந்து வருகிறது.

தெரியாது என்றேன்.

சூடாக ஏதாவது குடிக்கச் சொல் என்றாள்.
மெழுகுவர்த்தியைக் கைமாற்றிப் பிடித்தாள்.